திறப்பு விழாவுக்கு மறுநாள்

கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும் அந்த மண், ஐப்பசி மழை நன்றாக இறங்கியதும் உப்பிப் புடைத்துத் தன் மேலிருப்பதை எல்லாம் மெல்லத் தூக்கும். மறு கோடை வந்ததும் சுருங்கி, தூக்கியதை அப்படியே நழுவவிடும். ஆண்டுக்கொரு முறை இப்படி மூச்சு வாங்கி மூச்சு விடுகிற பூமியின் மேல் சுவர் எழுப்புகிறவன், அடியிலிருக்கும் கரிசலைத் தோண்டி அப்புறப்படுத்தி, சரளையும் மணலும் இட்டுக் கெட்டித்த பிறகே அஸ்திவாரக் கல்லை வைப்பான். அப்படி வைத்த பின்பும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா, விலகி ஓடுகிறதா என்று பார்ப்பான். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டையும் கட்டி முடித்தாகிவிட்டது என்று சொல்ல எவரும் துணிவதில்லை.

இந்த ஞானம் சொந்த வீட்டு வாசற்படியோடு நின்றுபோவதுதான் துக்கம். எப்போதும்வென்றானில் புறப்பட்டு எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி வரையில் கிளைப் பாதைகளில் இறங்கி ஏறி வருகிறவர்கள், துணை சுகாதார நிலையம் என்றோ அங்கன்வாடி என்றோ பெயர்ப்பலகை தாங்கிய சிறு கட்டடங்கள் பலவற்றைக் காணலாம். சில புதுச் சுண்ணாம்பும் சுவர்ச் சித்திரமுமாகப் பொலிகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேறு சிலவற்றிலோ ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஏறும் வெடிப்பு, ஈரம் ஊறிப் பொருமிய சுவர், துருவேறிய பூட்டு. அத்தகைய ஓர் ஊரில், கட்டடம் இருந்தும் குழந்தைகள் அடுத்த தெருவில் வாடகைக்குப் பிடித்த ஓர் அறையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டேன். மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து விழுகிறது என்று பால்வாடி டீச்சர் எழுதிப் போட்டாராம். கட்டடம் தங்களுடையதல்ல என்றது ஓர் அலுவலகம். தங்களுடையதுதான், ஆயினும் பழுது பார்க்கும் தலைப்பில் பணமில்லை என்றது மற்றொன்று. பணம் உண்டு, ஆனால் அந்தக் கட்டடம் தங்கள் பதிவேட்டில் ஏறவில்லை என்றது மூன்றாவது. மூன்று பதிலும் பொய்யல்ல என்பதுதான் இதில் விசேஷம்.

எப்போதும்வென்றான் என்று ஓர் ஊருக்குப் பெயர் அமைந்திருப்பது அபூர்வம். அந்த ஊரைச் சுற்றிய பூமியோ, வென்றதைவிடத் தோற்றதையே அதிகமாக நினைவில் வைத்திருக்கும் பூமி. கயத்தாற்றில் 1799 அக்டோபரில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்த ஊமைத்துரையும் அவனோடு நின்ற ஜனங்களும் இடிபட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை நாட்கணக்கில் மறுபடி எழுப்பினார்கள். அதே ஆண்டில் அது மீண்டும் வீழ்ந்து தரைமட்டமாயிற்று. அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று கிழவர்கள் இன்றும் சொல்வார்கள். 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை ஒன்றை எழுப்பியது. யுத்தத்தை நினைவுகூர்வதில் நாம் குறைந்தவர்கள் அல்லர். யுத்தம் முடிந்த மறுநாள் என்ன செய்வது, அவசர காலத்தில் எழுந்தவற்றை அமைதிக் காலத்தில் யார் காப்பது என்ற வினாவில்தான் உலகம் முழுவதுமே தடுமாறியிருக்கிறது.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பிரிட்டனின் ஆலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பெண்கள் வேண்டுமென்றால் அவர்களுடைய சிசுக்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். 1940 அக்டோபரில் 14 மட்டுமே இருந்த போர்க்காலப் பகற்காப்பகங்கள் 1943 ஜூலைக்குள் 1,345 ஆகப் பெருகின. செலவு முழுவதையும் மத்திய கஜானா ஏற்றது. நடத்தும் பொறுப்பு உள்ளூர் மன்றங்களின் சுகாதாரப் பகுதியிடம் இருந்தது. சமாதானம் வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை உடைய தாய்க்கு உரிய இடம் வீடே என்று சுகாதார அமைச்சகம் 1945இன் இறுதியில் சுற்றறிக்கை விடுத்தது. 1946 வசந்தத்தில் முழு மானியம் நின்றது. உள்ளூர் மன்றங்கள் தங்கள் பங்குச் செலவைக் கணக்குப் பார்த்து ஒவ்வொரு காப்பகமாக மூடத் தொடங்கின. அமெரிக்காவிலும் இதே கதைதான்: லான்ஹம் என்ற மத்திய சட்டத்தின் பணத்தில் நடந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் நிலையங்கள் 1946 பிப்ரவரியோடு அந்த ஆதரவை இழந்தன. கலிபோர்னியாவில் தாய்மார்கள் விடாது போராடியதன் பயனாக மாநில அரசு தன் சொந்த நிதியில் அவற்றைத் தொடர்ந்து நடத்தியது. மற்றப் பெரும்பாலான இடங்களில் குழந்தைகளும் இருந்தார்கள், வேலைக்குப் போகிற தாய்மாரும் இருந்தார்கள், கட்டடமும் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் அவை யுத்தச் செலவு என்ற தலைப்பில் எழுதப்பட்டிருந்தமையால், யுத்தம் முடிந்ததும் அந்தப் பக்கமே கிழிக்கப்பட்டது.

அதே பிரிட்டனில், அதே யுத்த காலத்தில், அதே அவசரத்தில் எழுந்த வேறு சில கட்டடங்களின் விதி முற்றிலும் மாறாக அமைந்ததையும் கவனிக்க வேண்டும். குண்டுவீச்சில் காயம்படுவோருக்கென்று ஊர்ப்புறங்களில் தற்காலிகமாக எழுப்பிய ஆஸ்பத்திரிக் கொட்டகைகள், 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது அதன் கைக்கு மாறி, பல தசாப்தங்கள் உழைத்தன. ஸ்டோக் மேண்டவில் என்ற ஊரில் 1944இல் முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்காக லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் தொடங்கிய பிரிவு அத்தகைய ஓர் ஆஸ்பத்திரியில் அமைந்ததுதான். 1948இல் அவர் அங்கே சக்கர நாற்காலி நோயாளிகளுக்கு நடத்திய பந்தயமே பிற்காலத்துப் பாராலிம்பிக்ஸ் விளையாட்டுகளுக்கு விதையாயிற்று. காப்பகக் கட்டடத்தைவிட ஆஸ்பத்திரிக் கொட்டகையின் சுவர் உறுதியாக இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றுக்கு அமைதிக் காலத்தில் ஒரு யஜமானன் கிடைத்தான், மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவே வித்தியாசம்.

யஜமானன் என்று நான் சொல்வது மேலிருந்து வருகிறவனைத்தான் என்று கொள்ளவேண்டாம். இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரை அடுத்த வில்லா செல்லா என்ற சிற்றூரில், 1945இல் யுத்தம் ஓய்ந்த சில நாட்களுக்குள், பின்வாங்கிப்போன ஜெர்மானியர் விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் ஊர் ஜனங்கள் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தங்கள் கைகளாலேயே கட்டத் தொடங்கினார்கள். அதைக் கேள்விப்பட்டுச் சைக்கிளில் வந்து பார்த்த லோரிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர் பிறகு தம் ஆயுளையே அந்த வேலைக்கு அர்ப்பணித்தார். டாங்கியை விற்றுத் தொட்டில் வாங்கிய கதையாக இதை மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் கதையின் சாரம் அதற்குப் பின்னால் இருக்கிறது. பெற்றோர் நடத்திய அத்தகைய பள்ளிகள் பல வருஷங்கள் பணமுடையில் தத்தளித்தன. 1963இல் ரெஜியோ நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. 1967க்குள் பெற்றோர் நடத்திய பள்ளிகளும் நகராட்சியின் பொறுப்பில் சேர்ந்தன. ஜனங்களின் ஆர்வம் சுவரை எழுப்பிற்று. நகராட்சியின் வரவுசெலவுத் திட்டம் அதை நிற்கவைத்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால், உலகத்துக் கல்வியாளர்கள் இன்று அந்த ஊரைத் தேடிப் போயிருக்கமாட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 2009க்குப் பின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல முன்பள்ளிகள் இராணுவ நிர்வாகத்தோடு ஒட்டிய சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வந்தன. மாகாணத்தின் வழியே வேலை பார்த்த ஆசிரியைகளைவிடத் திணைக்களத்தின் ஆசிரியைகளுக்குச் சம்பளம் வெகுவாக அதிகமாக இருந்தது. யுத்தம் முடிந்த பூமியில் மழலையர் வகுப்பை யார் நடத்துவது என்ற வாதம் அங்கே எழுந்ததில் வியப்பில்லை. சம்பளத்தை ஒழுங்காகத் தருகிற கை எதுவாயினும் அதைப் பற்றிக்கொள்ள வேண்டிய நிலையில் ஓர் ஏழை ஆசிரியை இருக்கிறாள் என்றால், உள்ளூர் மன்றங்களின் கையில் பணம் கொடுக்கப்படவில்லை என்றே அதற்கு அர்த்தம்.

நம் நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையமும் யுத்தத்தின் குழந்தைதான் என்பதை இளைய தலைமுறை மறந்துவிட்டது. அரிசிக்கு ரேஷன் வந்திருந்த 1943ஆம் ஆண்டு அக்டோபரில், ஜப்பானியர் பர்மாவில் நின்றுகொண்டிருக்கையில், யுத்தத்துக்குப் பிந்திய இந்தியாவின் சுகாதாரத்தைத் திட்டமிட ஸர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. சென்னையின் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அதன் அங்கத்தினருள் ஒருவர். 1946இல் வெளிவந்த அறிக்கை, உடனடித் திட்டமாக 40,000 ஜனங்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் அதில் இரண்டு வைத்தியர்களும், அவர்களோடு நர்சுகளும் மருத்துவச்சிகளும் வேண்டுமென்று கேட்டது. பிறந்த ஆயிரம் சிசுக்களில் 162 பேர் ஒரு வயது நிறையுமுன் மாண்டுபோன தேசத்துக்கு அந்த அறிக்கை எழுதப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகத்தில் அந்த எண்ணிக்கை 13. அந்தக் கமிட்டி கண்ட கனவில் பெரும்பகுதியை இந்த மாநிலம் நனவாக்கியிருக்கிறது என்று பெருமையோடு சொல்லலாம்.

அந்தப் பெருமையின் வேர் யுத்தத்துக்கும் சற்று முந்தியது. 1939இல், ஐரோப்பாவில் பீரங்கி முழங்கத் தொடங்கிய அதே ஆண்டில், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. தாய்சேய் நலம் உள்ளூர் ஸ்தாபனங்களின் கடமைகளுள் ஒன்று என்று அது எழுதிவைத்தது. எழுதியதோடு நில்லாமல், சர்க்கார் மானியம் நீங்கலான தன் வருமானத்தில் நகராட்சி 30 சதவீதமும், ஜில்லா போர்டு 12.5 சதவீதமும் பொதுச் சுகாதாரத்துக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றும் விதித்தது. கடமையை ஒருவரிடமும் பணத்தை வேறொருவரிடமும் கொடுத்துவிட்டு இருவரும் சந்திக்க வேண்டுமென்று காத்திருக்கும் மனோபாவம் அந்தச் சட்டத்தை இயற்றியவர்களிடம் இல்லை. பெரியவர்கள் 'லோக்கல் பண்டு ஆஸ்பத்திரி' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்; அந்தப் பெயரிலேயே யஜமானன் யார், பணம் எவருடையது என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை இருந்தது. இன்றைக்கு ஒரு துணை சுகாதார நிலையத்தின் வாசலில் நின்று அந்த இரண்டையும் கேட்டால், நர்சம்மா நம்மை அனுதாபத்தோடு பார்ப்பார்.

பால்வாடியின் கதி இதைவிடச் சிக்கலானது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவுத் திட்டமும் சேர்ந்து, ஏறத்தாழ ஊர்தோறும் குழந்தைகளுக்கு ஓர் இடத்தைக் கொடுத்தன. இன்று தமிழகத்தில் அங்கன்வாடி மையங்கள் 54,000க்கும் மேல். ஆனால் கட்டுவது ஒரு நிதியில், நடத்துவது வேறொரு துறையில், பழுது பார்ப்பது மூன்றாமவர் தயவில் என்ற ஏற்பாட்டினால், ஊராட்சி ஒன்றியமோ நூறு நாள் வேலைத் திட்டமோ சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியோ எழுப்பிக்கொடுத்த கட்டடம், நாடா வெட்டியதும் அநாதையாகிவிடுகிறது.

கோவில்பட்டி வட்டாரத்தில் இன்னொரு குறையும் உண்டு. இங்கே பொழுது விடிவது தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நிற்பதோடுதான். காட்டில் வேலை இல்லாத மாதங்களில் குடும்பத்தைத் தாங்குவது அந்தக் கூலி. காலையில் இருட்டோடு வண்டியேறுகிற தாய் பொழுது சாயும் நேரத்தில் திரும்புகிறாள். பால்வாடியோ அவள் போன பிறகு திறந்து, அவள் வருவதற்கு வெகு முன்னதாகவே மூடிவிடுகிறது. இந்த இரண்டு முனைகளிலும் தொங்குகிற நேரத்தில் கைக்குழந்தையை இடுப்பில் தாங்கியவள் யாரென்றால் மூத்த பெண்பிள்ளை. அவளுடைய படிப்பு நின்றதற்குத் தீப்பெட்டித் தொழிலை மட்டும் குறை சொன்ன நாம், பகற்காப்பகம் இல்லாமையை ஒரு காரணமாக எழுதிவைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்கு அறை வேண்டுமென்றது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முப்பதாகக் குறைத்தது. சிறு சிறு பட்டறைகளாகப் பிரிந்து, வீட்டுத் திண்ணைகளில் பெட்டி ஒட்டுவதில் முடியும் ஒரு தொழிலில் அந்த முப்பது என்ற வேலியைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? நூறு நாள் வேலையை உண்டாக்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டமும், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்திருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கச் சொன்னது. அந்தக் குழந்தைகளுக்கு வாய்த்த காப்பகம் பெரும்பாலும் வேலிக்கருவேல நிழல்தான். அங்கன்வாடியையே பகல் முழுவதும் திறந்திருக்கும் காப்பகமாக மாற்றும் யோசனை மத்திய அரசின் பால்னா திட்டத்தில் 2022 முதல் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி நிற்கும் ஊர்களைவிட அதற்குத் தகுந்த இடம் எது?

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊராட்சிகளிடம் கொடுத்தால் அவை உள்ளூர்ச் சாதியிலும் கட்சியிலும் சிக்கிச் சீரழியும், துறையின் கையிலேயே இருப்பது உத்தமம் என்ற வாதமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. சிசு மரணத்தை 13க்குக் குறைத்தது பெரிதும் சென்னையிலிருந்து நடந்த கட்டுப்பாடான துறை நிர்வாகமே என்பதை நானும் அறிவேன். ஆனால் ஓர் ஓட்டையை அடைக்கச் சென்னையிலிருந்து உத்தரவு வரவேண்டியதில்லை. மருந்தும் சம்பளமும் பயிற்சியும் மேலிருந்து வரட்டும். கூரையும் சாவியும் ஊரில் இருக்கட்டும். முதல் ஆண்டு வெடிப்பைச் சில மூட்டை சிமெண்டில் சரிசெய்யாமல் விட்டு, பத்தாவது ஆண்டு கட்டடத்தையே இடித்துப் புதிது கட்டும் செலவோடு ஒப்பிட்டால், பராமரிப்பு நிதி என்பது செலவாகவே தோன்றாது.

இந்தப் பூமிக்கு இது புதிய பாடமும் அல்ல. கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும், கரையில் எலிவளை விழுந்தால் முதலில் கண்டு சொல்வதும் அவர் கடமை. அதற்கு விளைச்சலில் அவருக்கு இவ்வளவு என்று பங்கு உண்டு. கரை ஊருக்குப் பொது; காவல் ஒருவருடையது; கூலி முன்கூட்டியே வகுத்தது. அந்த ஏற்பாடு குலைந்த பிறகு ஒரு கண்மாய்க்கும் அதைச் சார்ந்த வாழ்வுக்கும் நேர்ந்ததை, எட்டயபுரத்தை அடுத்த உருளைகுடியைக் களமாக வைத்து சோ. தர்மன் 'சூல்' என்ற நாவலாக எழுதினார். 2019இல் சாகித்திய அகாதெமி அதற்கு விருதளித்தது. அதைப் படித்துக் கண்மாய்க்காக வருந்தியவர்கள், பால்வாடிக் கூரையையும் அதே கண்ணோடு ஒரு முறை அண்ணாந்து பார்க்கலாம்.

ஆகவே நான் வேண்டுவது சொற்பமே. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் அங்கன்வாடிக்கும் உரியவர் இன்னார் என்று ஒரே ஓர் அலுவலகத்தின் பெயர் பதிவேட்டிலும் வாசற்சுவரிலும் எழுதப்பட வேண்டும். கட்டும் தொகையை அனுமதிக்கிற அதே உத்தரவில், ஆண்டுதோறும் பழுது பார்க்கும் தொகையும் அந்த அலுவலகத்தின் பெயரிலேயே ஒதுக்கப்பட வேண்டும். அந்தத் தொகை இல்லாத கட்டடத்துக்கு அடிக்கல்லே நாட்டக்கூடாது. கரிசல் பூமிக்கென்று தனி வரைபடம் வேண்டும்: அடியில் குடைபோல் அகன்ற காங்கிரீட் தூண்களை ஆழத்தில் இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்காகவே வகுத்துக் கொடுத்திருக்கையில், செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் ஒரே அஸ்திவாரம் போடுவது பணத்தை வெடிப்பில் கொட்டுவதாகும். கடைசியாக, திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் அலுவலகக் கடிகாரத்தைக் கேட்டு நிர்ணயிக்காமல், அந்த ஊர்த் தாய்மார் வண்டியேறும் நேரத்தைக் கேட்டு நிர்ணயிக்க வேண்டும். அதற்கு ஆயாவும் டீச்சரும் இரண்டு முறையாக வேலை பார்க்க நேர்ந்தால், இரண்டாவது முறைக்குரிய சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். அவர்களுடைய தியாகத்தின் மேல் கட்டிய காப்பகமும் கரிசலின் மேல் கட்டிய சுவர் போன்றதே.

திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பெயரெல்லாம் கல்வெட்டில் வரிசையாக இருக்கிறது. மறுநாள் காலையில் சாவியோடு வருகிறவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அதற்கும் அந்தக் கல்லில் ஒரு வரி இடம் விடுங்கள். ஐப்பசி பிறக்கு முன் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்க்க வேண்டியவர் அவர்தான்.